எழுதும் ஐந்து வினாடி

ஆரப்பாளையம் பேருந்து நிலையத்துக்குப் பின்னால், இரண்டு லாட்ஜுகளுக்கு நடுவில் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும் மாடிக் கட்டடத்தில் 'நன்னடை நடத்தையியல் பயிலகம்' இயங்கி வந்தது. முன்பு அது கல்யாண மண்டபம். பந்தி நடந்த கூடத்தில் இப்போது வகுப்பு நடந்தது. குழந்தைகளைப் பார்க்கும் அறையின் வாசலுக்கு மேலே 'மணமகள் அறை' என்று இருந்ததை அழிக்க வேண்டும் என்று மூன்று வருடமாகத் தீர்மானம் போட்டு வந்தார்கள். பேசாத பிள்ளைகளைப் பேசவைக்கும் வித்தை இங்கே கற்றுத்தரப்படும் என்று வெளியே பலகை சொன்னது. அது பொய்யில்லை. அதற்கு முன்னால் முடிக்க வேண்டிய காரியங்கள் கொஞ்சம் இருந்தன, அவ்வளவுதான்.

உசிலம்பட்டியிலிருந்து வந்த சுபலட்சுமி அந்தப் பலகையை நம்பித்தான் சேர்ந்தாள். சிறு பிள்ளைகளோடு உட்கார்ந்து விளையாட அவளுக்குப் பிடிக்கும். அதையே தொழிலாகச் செய்யலாம், அதற்கு ஒரு படிப்பும் இருக்கிறது என்று கல்லூரியில் யாரோ சொன்னார்கள். 'ஏன் சேர விரும்புகிறீர்கள்?' என்று விண்ணப்பத்தில் கேட்டிருந்ததற்கு 'பிள்ளைகளைப் பிடிக்கும்' என்று எழுதினாள். 'பிடிக்கும்' என்பதைச் சிவப்பு மையில் சுழித்து, 'அளக்க முடியாத சொல்' என்று குறித்துத் திருப்பி அனுப்பினார்கள். 'விரும்புகிறீர்கள்' என்பதை எந்த அளவுகோலால் அளந்தார்கள் என்று அவள் கேட்கவில்லை. 'பிள்ளைகளிடமிருந்து ஒரு மீட்டருக்கும் குறைவான தூரத்தில் அதிக நேரம் செலவிடுகிறேன்' என்று மாற்றி எழுதினாள். இடம் கிடைத்துவிட்டது.

மொத்தம் எட்டுப் பயிற்சியாளர்கள். மேற்பார்வையோடு களப்பணிக்குப் போவதற்கு முன் அவர்களுக்கு நாற்பத்தைந்து நாள் ஆயத்தக் காலம். கடைசி நாளில் தகுதிக் கடிதம் தருவார்கள். அந்தக் கடிதம் இல்லாமல் எந்தப் பிள்ளைக்கும் 'அ' என்றுகூடச் சொல்லிக்கொடுக்கக் கூடாது. ஆயத்தத்தில் ஒரு பிசகு நடந்தாலும் முதல் நாளிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும்.

இயக்குநர் ஜனகராஜ் முதல் நாள் கோட்டு போட்டு வந்தார். சித்திரை மாதத்தில் மதுரையில் கோட்டு போடுகிற ஆளை நம்பலாமா கூடாதா என்று சுபலட்சுமி யோசித்துக்கொண்டிருக்கும்போதே அவர் பேச ஆரம்பித்துவிட்டார்.

"நம்ம பயிலகம் ஆரம்பிச்சு மூணு வருஷம் ஆச்சு. இதுவரைக்கும் நம்ம மேல ஒரு புகார் உண்டா? கிடையாது. தப்பா சிகிச்சை குடுத்துட்டாங்கன்னு ஒரு தாய் சொன்னதுண்டா? கிடையாது. ஏன்? நாம அவசரப்பட்டு எந்தக் குழந்தைக்கும் எதையும் ஆரம்பிச்சதில்ல. ஆயத்தம்தான் நம்ம பலம். முறையா ஆயத்தம் ஆனவங்களுக்குக் களமே தேவைப்படாது."

எல்லோரும் கை தட்டினார்கள். எத்தனை பேர், எத்தனை வினாடி தட்டினார்கள் என்பதை மேற்பார்வையாளர் ராதாமணி குறித்துக்கொண்டார். அவர் முகத்தில் எப்போதும் எதுவும் தெரியாது. பல வருடப் பயிற்சி அது.

பயிலகத்துக்குள் சொல்லக் கூடாத சொற்களின் பட்டியல் சுவரில் தொங்கியது. ஆசை, கோபம், பாசம், பயம், பசி, சந்தோஷம் என்று இரண்டு பத்தி. உள்ளுக்குள் நடப்பதை யாரும் பார்த்ததில்லை, பார்க்காததைப் பேசக் கூடாது என்பது விளக்கம். சுங்குடிச் சேலைக் கடைக்காரர் வீட்டுப் பிள்ளையான பாலகணேஷ், இரண்டாம் நாள் மத்தியானம் "மேடம், பசிக்குது" என்று சொல்லி மூன்று மதிப்பெண் இழந்தான். மூன்றாம் நாளிலிருந்து "கடைசியா சாப்பிட்டு நாலு மணி இருபது நிமிஷம் ஆச்சு மேடம்" என்று சொல்லக் கற்றுக்கொண்டான். சுபலட்சுமி வயிற்று வலிக்கு விடுப்பு கேட்டபோது, வலி என்பது வெளியே தெரியாத நிகழ்ச்சி என்று கடிதம் திரும்பி வந்தது. 'இடுப்பிலிருந்து முன்பக்கமாக நாற்பது டிகிரி வளைந்து, காலை முதல் பதினோரு தடவை முனகினேன்' என்று எழுதிக் கொடுத்த பிறகு அரை நாள் கிடைத்தது.

முதல் பத்து நாள் நாற்காலி நோக்கல். பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றைக் கூடத்தின் நடுவில் போட்டு, இருவர் இருவராக எதிரே உட்கார்ந்து கவனிக்க வேண்டும். ஒன்றுமே நடக்காதபோது ஒன்றும் நடக்கவில்லை என்று பார்க்கத் தெரியாதவன், ஏதாவது நடக்கும்போது எதைப் பார்ப்பான் என்று ராதாமணி கேட்டார். இருவரும் 'நிகழவில்லை' என்று எழுதினால் ஒத்துப்போதல் நூறு சதவீதம். இருவர் எழுதியதும் ஒத்துப்போனால்தான் அது உண்மை. இல்லாவிட்டால், நடந்தே இருந்தாலும் நடக்காததுதான்.

ஆறாம் நாள் விட்டத்திலிருந்து நாற்காலி மேல் ஒரு பல்லி விழுந்தது. சுபலட்சுமி 'நிகழ்ந்தது' என்று எழுதினாள். விழுந்தது பல்லியின் நடத்தை, நாற்காலியின் நடத்தை அல்ல என்று பாலகணேஷ் 'நிகழவில்லை' போட்டான். இரண்டு நாள் விசாரணை நடந்தது. காவலாளி மலையாண்டி தினசரிக் காலண்டரைப் புரட்டி, தலை, தோள், தொடை எல்லாவற்றுக்கும் பலன் போட்டிருக்கிறது, நாற்காலிக்குப் போடவில்லை என்று தன் பங்குக்குச் சொன்னார். கடைசியில் இயக்குநர், அந்த நாற்காலி நம்பத்தகுந்ததல்ல என்று முடிவு செய்து வேறு நாற்காலி வரவழைத்தார்.

அடுத்த கட்டத்துக்கு மனிதர் வேண்டும். குழந்தைகளைக் காட்ட அனுமதி இல்லை என்பதால் மலையாண்டியையே மாதிரிக் குழந்தையாக நியமித்தார்கள். பகலில் உட்கார்ந்தே இருப்பது அவருடைய பிரச்சினை நடத்தை. அவர் எழுந்து நிற்கிற ஒவ்வொரு தடவையும் ஒரு கடலைமிட்டாய் கொடுத்து ஊக்குவிக்க வேண்டும். முதல் நாள் நான்கு தடவை எழுந்தார். ஐந்தாம் நாள் நூற்றுப் பத்து தடவை. வரைபடத்தில் கோடு கூரைக்கு ஏறியது, இயக்குநர் அதைச் சட்டம் போட்டு மாட்டினார். அதன் பிறகு மிட்டாய் இல்லாமல் மலையாண்டி யாருக்கும் எழுந்திருப்பதில்லை.

ஒரு நாள் இயக்குநரே வந்து நின்றபோதும் உட்கார்ந்தபடி கையை நீட்டினார். "நான் என்ன சார் செய்யிறது? நீங்கதேன பழக்கி விட்டீக" என்றார்.

இப்படியாக நாற்பதாம் நாள் வந்தது. மணமகள் அறைக்குள் போய் உண்மையான ஒரு பிள்ளையைப் பார்க்க சுபலட்சுமிக்கும் பாலகணேஷுக்கும் அனுமதி கிடைத்தது. பார்க்க மட்டும்தான்.

பிள்ளையின் பெயர் சோலையம்மாள், கூப்பிடுவது சோலை. வயது ஐந்தரை. இன்னும் ஒரு சொல் பேசியதில்லை. அவள் அம்மா பாண்டிமீனா, உசிலம்பட்டிக்கு அப்பாலிருந்து இரண்டு பஸ் மாறி ஏழு வாரமாகத் தினமும் அவளைத் தூக்கி வருகிறாள். ஏழு வாரமும் சிகிச்சை ஏதும் நடக்கவில்லை. 'அடிப்படை நிலை' போய்க்கொண்டிருந்தது. சிகிச்சைக்கு முன்னால் பிள்ளை எப்படி இருக்கிறது என்று ஒரு கோடு இழுப்பார்கள். அந்தக் கோடு ஐந்து நாள் தொடர்ந்து ஆடாமல் நேராகக் கிடக்க வேண்டும். அதுவரை எதுவும் சொல்லித்தரக் கூடாது. மூன்றாம் வாரம் சோலை பஸ் ஹாரனுக்குப் பதிலாக "ஊ" என்றாள். கோடு ஆடிவிட்டது. மறுபடி முதலிலிருந்து. ஆறாம் வாரம் பாட்டுப் போல ஏதோ முனகினாள். மறுபடி முதலிலிருந்து. இப்போது திங்கள் முதல் வியாழன் வரை நான்கு பூஜ்யம் வரிசையாக விழுந்திருந்தது. வெள்ளிக்கிழமையும் பூஜ்யம் வந்துவிட்டால் அடுத்த திங்கள் சிகிச்சை ஆரம்பம். பிள்ளை பேசாமல் இருக்க வேண்டுமே என்று பயிலகம் முழுக்க, சொல்லக் கூடாத சொற்களில் ஒன்றோடு காத்திருந்தது.

பாண்டிமீனாவுக்கு வேறு கவலை. வெள்ளிக்கிழமை காலை சுபலட்சுமியைத் தனியாகப் பிடித்தாள்.

"டீச்சர், எங்க வீட்டுக்காரரு லோடு வண்டி ஓட்டுறாரு. 'ஏழு வாரமா சும்மா உக்கார வச்சு அனுப்புறாய்ங்க, இந்த மாசத்தோட நிப்பாட்டிரு'ன்னுட்டாரு. நாளையோட மாசம் முடியிது. இவ ஒத்த வார்த்த பேசி, அத நீங்க ஒரு பேப்பர்ல எழுதிக் குடுத்துட்டா நான் அவர்ட்டக் காட்டிருவேன். வேற எதுவும் வேணாம்."

"பாப்போம்க்கா" என்றாள் சுபலட்சுமி.

பார்ப்பதற்கும் ஒரு முறை இருந்தது. பத்து வினாடி பார்க்க வேண்டும், ஐந்து வினாடி எழுத வேண்டும். ஒரு கைபேசி "பார்" என்றும் "எழுது" என்றும் மாறி மாறிச் சொல்லிக்கொண்டே இருக்கும். பார்க்கும்போது எழுதக் கூடாது. எழுதும்போது பார்க்கவே கூடாது. முக்கால் மணி நேரம் இருவரும் தலையாட்டிப் பொம்மை மாதிரி தலையை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தார்கள். சோலை ஜமுக்காளத்தில் உட்கார்ந்து அம்மாவின் தண்ணீர் பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதன் நீல மூடியை உருட்டி விளையாடுவது என்றால் அவளுக்கு உயிர்.

"எழுது" என்றது கைபேசி. பாலகணேஷ் தலையைக் குனிந்தான். சுபலட்சுமி குனிய மறந்துவிட்டாள்.

சோலை கையை நீட்டி, அம்மாவின் முகத்தைப் பார்த்து, "தா" என்றாள்.

பாண்டிமீனா மூடியைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். சுபலட்சுமி சுவரோரம் நின்ற ராதாமணி பக்கம் திரும்பினாள். "மேடம், பேசிட்டா! 'தா'ன்னு கேட்டா!" என்று எழுந்து நின்றாள்.

ராதாமணி கடிகாரத்தைப் பார்த்தார். "எந்த நேரத்துல?"

"இப்பத்தான் மேடம். 'எழுது'ன்னு சொன்ன பிறகு."

"எழுதுற நேரத்துல நீங்க ஏன் பாத்தீங்க?"

விசாரணை இயக்குநர் அறையில் நடந்தது. ஜனகராஜ் கோட்டின் பொத்தானைப் போட்டுக்கொண்டார்.

"குழந்தை பேசினது பிரச்சினை இல்ல. குழந்தைங்கன்னா பேசத்தான் செய்யும். எழுதுற நேரத்துல பேசியிருக்குது, அதுதான் பிரச்சினை. பேசறதுக்குன்னு பத்து வினாடி ஒதுக்கியிருக்கோம். அதுல பேசியிருக்கலாம்ல? பாலகணேஷ், நீங்க கேட்டீங்களா?"

"ஏதோ கேட்டுச்சு சார். ஆனா தலை குனிஞ்சிருந்தேன். வாயைப் பாக்கல."

"அம்மா கேட்டாங்க சார்" என்றாள் சுபலட்சுமி.

"அவங்க பயிற்சி இல்லாதவங்க. அஞ்சு வருஷமா அந்தப் பிள்ளையோட இருக்காங்க, அதனால பாரபட்சம் இருக்கும்." ஒரு தாளை நகர்த்தினார். "'எழுதும் ஐந்து வினாடியில் எதுவும் நிகழவில்லை.' இதுல ஒரு கையெழுத்துப் போடுங்க. கோடு நேரா இருக்கும். திங்கட்கிழமை சிகிச்சை ஆரம்பிச்சிரலாம், உங்களுக்கும் கடிதம் வந்துரும். பேசுச்சுன்னு பிடிவாதம் பிடிச்சா கோடு ஆடிரும். குழந்தை பேசின ஒரே காரணத்துக்காக, பேச வைக்கிற சிகிச்சை தள்ளிப் போகும். அந்தப் பாவம் உங்களுக்கு எதுக்கு?"

வராந்தாவில் பாண்டிமீனா நின்றுகொண்டிருந்தாள். "எழுதியாச்சா டீச்சர்?" என்று கதவிடுக்கு வழியாகக் கேட்டாள். சுபலட்சுமிக்கு வந்த கோபத்தை நாற்பது நாளாக அவள் மறந்திருந்த அந்தச் சொல்லால்தான் சொல்ல வேண்டும். கையெழுத்துப் போட்டால் திங்கட்கிழமை சிகிச்சை ஆரம்பிக்கும். ஆனால் திங்கட்கிழமை சோலை வரமாட்டாள்.

"நான் கேட்டேன் சார். கையெழுத்துப் போட மாட்டேன்."

ஜனகராஜ் யோசித்தார். மூன்று வருடத்தில் ஒரு பிள்ளை பேசியதாக இங்கே ஒருவர் சொல்வது இதுதான் முதல் தடவை. அப்படி நடந்தால் என்ன செய்வது என்று விதிப் புத்தகத்தைப் புரட்டினார். ஒன்றும் போட்டிருக்கவில்லை. என்ன செய்வதென்று தெரியாதபோது விழா நடத்துவது இந்த ஊர் வழக்கம் என்பதால், மறுநாளே விழா என்று முடிவாயிற்று.

சனிக்கிழமை காலை பேருந்து நிலையத்தை மறைத்துக்கொண்டு ஃபிளெக்ஸ் நின்றது. 'முதற்சொல் சரிபார்ப்பு விழா.' குழந்தையின் அந்தரங்கத்தைக் காக்க அவள் முகத்தை நீக்கிவிட்டு, அந்த இடத்தில் இயக்குநர் தன் முகத்தை வைத்திருந்தார். மணமகள் அறையில் குத்துவிளக்கு ஏற்றினார்கள். சோலைக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். அவள் அதை உதறிவிட்டு அம்மாவின் முதுகுக்குப் பின்னால் போய் ஒண்டினாள். சுவரோரமாகப் பத்து நாற்காலி. எட்டுப் பயிற்சியாளர்கள், ராதாமணி, கடைக்கோடியில் இயக்குநர். அவர் எழுந்து பேசினார்.

"இரண்டு பேர் பாத்தா உண்மை. பத்து பேர் பாத்தா வரலாறு. ஒரு நிபந்தனை. அமர்வு முடியிற வரைக்கும் யாரும் சீட்டை விட்டு எந்திரிக்கக் கூடாது. எந்திரிச்சா நாப்பத்தோரு நாளும் போச்சு."

"பார்" என்றது கைபேசி. பத்து தலைகள் நிமிர்ந்தன. "எழுது." பத்தும் குனிந்தன. இருபது நிமிடம் இப்படியே போயிற்று. சோலை பாட்டிலைத் தொடக்கூட இல்லை. ஏறி இறங்கும் தலைகளையே பார்த்தாள். உடம்பு இறுகியது, விரல்கள் அம்மாவின் சேலையைப் பிடித்துத் திருகின. அவள் பயந்துவிட்டாள் என்பது பயிற்சி இல்லாத யாருக்கும் தெரிந்திருக்கும்.

"பார்" என்று கைபேசி சொன்ன நேரத்தில், அந்த வரிசை முழுவதையும் பார்த்து சோலை தெளிவாகச் சொன்னாள்.

"போ."

பத்து பேனாவும் ஒன்றாகத் தாளில் குறி போட்டன. "ஒத்துப்போதல் நூறு சதவீதம்!" என்று இயக்குநர் உட்கார்ந்தபடியே கத்தினார். எல்லோரும் கை தட்டினார்கள். சோலை காதைப் பொத்திக்கொண்டாள்.

"போ."

மறுபடி பத்து குறி. "ரெண்டாவது! சொல் வளர்ச்சி ஆரம்பிச்சிருச்சு!"

"போ." மூன்றாவது. "போ." நான்காவது. ஐந்தாவது, ஆறாவது என்று ராதாமணி எண்ணிக்கொண்டே வந்தார். ஒவ்வொரு தடவையும் சோலையின் குரல் இறங்கியது. ஏழாவது தடவை வாய் மட்டும் அசைந்தது. வாய் அசைந்ததை எண்ணலாமா என்று ராதாமணியும் இயக்குநரும் கண்ணாலேயே ஆலோசித்தார்கள்.

சுபலட்சுமிக்கு மேற்கொண்டு உட்கார முடியவில்லை. பிள்ளை வாய் திறந்து ஒன்றைக் கேட்டால் மூன்று வினாடிக்குள் அது கிடைக்க வேண்டும், கிடைக்காத சொல்லைப் பிள்ளை கைவிட்டுவிடும் என்று இந்தப் பயிலகத்தில்தான் மனப்பாடம் செய்திருந்தாள். ஐந்து வருடம் கழித்து ஒரு பிள்ளை இரண்டாவதாக ஒரு சொல் கேட்கிறது. பத்துப் பேர் உட்கார்ந்து அதற்கு மதிப்பெண் போடுகிறார்கள். அவள் தாளை நாற்காலியில் வைத்துவிட்டு எழுந்தாள்.

"எங்க போறீங்க?" என்றார் ராதாமணி.

"அவ போகச் சொல்றா மேடம். அதான் போறேன்."

அவள் சோலையைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டு வெளியே போய், கதவுக்கு அந்தப் பக்கம் நின்றாள். நாற்பத்தோரு நாள் போயிற்று என்று அப்போதுதான் உறைத்தது.

உள்ளே சோலை காலியான நாற்காலியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து இரண்டடி நடந்து, அடுத்த நாற்காலியில் இருந்த பாலகணேஷுக்கு நேராக விரலை நீட்டினாள்.

"போ." இந்தத் தடவை நல்ல சத்தம்.

பாலகணேஷ் இடமும் வலமும் பார்த்தான். தாளை வைத்துவிட்டு வெளியே வந்தான். "ஏன் வந்தேன்னே தெரியல சுபா" என்றான். அதற்குள் மூன்றாவது பெண் வந்துவிட்டாள். சோலை வரிசையாக வந்தாள், ஒவ்வொரு நாற்காலி முன்னாலும் நின்று விரலை நீட்டிச் சொன்னாள். நாலாவது ஆளிடம் சொல்லும்போது சிரித்துவிட்டாள். அவள் சொல்வதற்கு முன்பே ஆறாவது ஆள் எழுந்துவிட்டான். அவனை மறுபடி உட்காரவைத்து, முறைப்படி சொல்லி அனுப்பினாள். ராதாமணிக்கு முன்னால் அவள் வந்து நின்றபோது, அவர் பேனாவை மூடினார். "அமர்வு இன்னும் முடியலம்மா" என்று மெதுவாகச் சொன்னார். சோலை மறுபடி சொன்னாள். ராதாமணியின் முகத்தில் முதல் தடவையாக ஏதோ தெரிந்தது. எழுந்து வந்துவிட்டார்.

மிச்சம் இயக்குநர். சோலை அவர் கோட்டுக்கு நேராக விரலை நீட்டினாள்.

"போ."

ஜனகராஜ் பேனாவை எடுத்தார். இடது பக்கம் பார்த்தார், ஒன்பது நாற்காலியும் காலி. ஒத்துப்போக இரண்டாவது ஆள் இல்லை. அப்படியானால் விதிப்படி அங்கே எதுவும் நிகழவில்லை. எதுவும் நிகழாதபோது எதற்காக எழுந்திருக்க வேண்டும்? அவர் உட்கார்ந்தே இருந்தார். "எழுது" என்றது கைபேசி.

பாண்டிமீனா அவரைக் கண்டுகொள்ளவில்லை. ஒன்பது நாற்காலியிலும் கிடந்த தாள்களைப் பொறுக்கினாள். ஒவ்வொன்றிலும் தேதியும் நேரமும் போட்டு, 'சொல்: போ. நிகழ்ந்தது' என்று வரிசையாகக் குறி இருந்தது, கீழே பெயரும் கையெழுத்தும். நான்காக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டாள்.

ஊருக்குக் கிளம்பிய சுபலட்சுமியும் சேர்ந்துகொள்ள, உசிலம்பட்டி பஸ்ஸில் மூவரும் ஒரே இருக்கையில் உட்கார்ந்தார்கள். 'ஆயத்தக் காலத்தைத் திங்கட்கிழமை முதல் நாளிலிருந்து மீண்டும் தொடங்கவும்' என்று சுபலட்சுமியின் கைபேசிக்குச் செய்தி வந்தது. அவள் அதைப் படித்துவிட்டு, சோலை நீட்டிய நீல மூடியை வாங்கி, மறுபடி அவள் "தா" என்று கேட்கும்வரை கையிலேயே வைத்திருந்தாள். கேட்டதும் உடனே கொடுத்தாள். செக்கானூரணி தாண்டும்வரை இதே விளையாட்டுதான்.

பாண்டிமீனாவின் கைபேசி அடித்தது. அவள் புருஷன் கருத்தக்கண்ணன். வண்டி ஓட்டிக்கொண்டே பேசினான் போலிருக்கிறது, ஹாரன் சத்தத்துக்கு நடுவில் அவன் குரல் பக்கத்து இருக்கை வரைக்கும் கேட்டது.

"என்னா, எதும் எழுதிக் குடுத்தாய்ங்களா?"

"ஒம்பது பேப்பரு வச்சிருக்கேன்."

"பேப்பரு கெடக்கட்டும். புள்ள பேசுச்சா இல்லையா?"

பாண்டிமீனா கைபேசியைச் சோலையின் காதோரம் வைத்தாள். விளையாட்டு கெட்டுப்போன எரிச்சலில் சோலை அதைத் தள்ளினாள். வாயை அதற்கு நேராகக் கொண்டுபோய் உரக்கச் சொன்னாள்.

"போ!"

அந்தப் பக்கம் வண்டியின் சத்தம் மெல்லமெல்ல அடங்கியது. ஓரங்கட்டி நிறுத்திவிட்டான் என்று தெரிந்தது.

"என்னவாம்?"

"உங்களத்தேன். போகச் சொல்லுது" என்றாள் பாண்டிமீனா.

இணைப்பு போய்விட்டதோ என்று சுபலட்சுமி திரையை எட்டிப் பார்த்தாள், போகவில்லை. பிறகு, மூக்கை உறிஞ்சிக்கொண்டு, லோடு வண்டிக்காரனின் குரல் வந்தது.

"இன்னொருக்கச் சொல்லச் சொல்லு."